சுடரும் மூச்சும்: சுரங்கத் தொழிலாளர் நலம் பற்றிய ஆராய்ச்சிகள்

மக்கள் இயற்றும் தொழில்கள் பலவற்றுள்ளும் நிலத்தை அகழ்ந்து அதன் வயிற்றினுட் புகுந்து செய்யப்படும் தொழில் தனித்தன்மை வாய்ந்தது. உழவனுக்கு மழை பகையாதலுண்டு. மீன்பிடிப்போனுக்குக் கடல் பகையாதலுண்டு. ஆயினும் அவர்கள் உள்ளிழுக்கும் காற்று அவர்களுக்குப் பகையாவதில்லை. சுரங்கத் தொழிலாளனுக்கோ அக்காற்றே முதற் பகை. அது சிலவேளை தீப்பற்றும். சிலவேளை உறக்கம்போல் வந்து உயிரைக் கவரும். சிலவேளை ஒன்றுஞ் செய்யாததுபோல் இருந்து, இருபதாண்டு கழிந்தபின் மூச்சைச் சிறிது சிறிதாக அடைக்கும். இத்தீங்குகளை அறிஞர் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து கண்டனர் என்பதையும், கண்டபின்னும் அவ்வறிவு சுரங்கத்தின் அடிக்குச் சென்று சேர எத்துணைக் காலஞ் சென்றது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க முயல்கின்றோம்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே ஆழ்சுரங்கம் எதுவும் இல்லை. ஆயினும் கிணறு வெட்டுவோரை நாம் அனைவரும் அறிவோம். நெடுநாள் மூடிக்கிடந்த பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் விளக்கொன்றைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்த்தல் அத்தொழிலறிந்தோர் செய்கை. விளக்கு அணையுமாயின் ஆள் இறங்குதல் ஆகாது. சுடர் வாழ்வதற்கும் மனிதன் வாழ்வதற்கும் வேண்டியது ஒட்சிசன் என்னும் ஒரே வாயுவாதலின், சுடரின் வாழ்வு மனிதனுடைய வாழ்வுக்கு அளவுகோலாயிற்று. இவ்வெளிய அறிவே பின்வரும் வரலாறு அனைத்துக்கும் வாயில் எனலாம்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தார் தாம் அஞ்சிய வாயுக்களை எல்லாம் 'டாம்ப்' என்னும் சொல்லால் வழங்கினர். ஈரம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு ஒலியொத்திருப்பினும், இஃது ஆவி என்னும் பொருளுடைய ஜேர்மானியச் சொல்லின் இனத்ததாம். தீப்பற்றுவது தீயாவி, விளக்கை அணைப்பது கரியாவி, வெடிப்பின் பின் எஞ்சி நின்று கொல்வது பின்னாவி. இவற்றை இன்று முறையே மெதேன் என்றும், ஒட்சிசன் குன்றிக் காபனீரொட்சைட்டும் நைதரசனும் மிக்க காற்று என்றும், காபனோரொட்சைட்டு கலந்த கலவை என்றும் இரசாயனவியலார் கூறுவர். எழுத்தறியாத் தொழிலாளர் ஆய்வுகூடத்தின் துணையின்றி, செயலை நோக்கி வகுத்த இப்பாகுபாடு பெரும்பாலும் பிழையற்றிருத்தல் வியக்கத்தக்கது. சொற்படைப்பில் ஈடுபடும் எம்போன்றார்க்கு இதில் ஒரு படிப்பினையும் உண்டு.

மெதேன் நிலக்கரியினுள்ளே தங்கியிருந்து கரி வெட்டப்படும்போது வெளிப்படுவது. நிறமும் மணமும் இல்லாதது. காற்றினும் இலேசானதாதலின் கூரையை அடுத்து நிற்பது. காற்றில் நூற்றுக்கு ஐந்து முதற் பதினைந்து வரையான பங்கு இது கலந்திருக்குமாயின், சிறு பொறியும் வெடிப்பை விளைவிக்கும். முற்காலத்தில் இதனை அகற்றக் கையாண்ட முறை கொடியது. ஒருவன் நனைந்த சாக்கினாற் போர்த்துக்கொண்டு, நீண்ட கோலின் நுனியில் மெழுகுதிரியைக் கட்டி, நிலத்தோடு நிலமாய் ஊர்ந்து சென்று, கூரையில் நின்ற வாயுவைத் தானே கொளுத்திவிடுவான். தீச்சுவாலை தன் முதுகின்மேற் கடந்து செல்லும்வரை முகங்கவிழ்ந்து கிடப்பான். திரியை அஞ்சிய இடங்களில் அழுகிய மீன்றோலின் மங்கிய ஒளியிலே வேலை செய்தோரும் இருந்தனர்.

1812 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி வட இங்கிலாந்திலுள்ள பெலிங் என்னும் ஊரின் சுரங்கம் வெடித்தது. தொண்ணூற்றிரண்டு பேர் மாண்டனர். அவருட் சிறுவர் பலர். சுரங்க விபத்துக்களைப் பற்றி வாய்திறவாமையே அக்காலத்து வழக்கு. உடைமையாளர் அதனை விரும்பார். அவ்வூர்க் குருவாகிய யோன் ஒட்சன் என்பவர் அவ்வழக்கை மீறி, நடந்ததை விரிவாக எழுதி அச்சிட்டார். அதன் பயனாக அடுத்த ஆண்டு சண்டலாந்து நகரில் விபத்துத் தடுப்புக் கழகம் ஒன்று எழுந்தது. அக்கழகத்தாரின் வேண்டுகோளை ஏற்று 1815 இல் இவ்வாராய்ச்சியிற் புகுந்தவரே சேர் அம்பிரி டேவி.

டேவி சில மாதங்களிலேயே விடை கண்டார். ஒடுங்கிய உலோகக் குழாயினூடே வெடிப்பு கடந்து செல்லாதென்பது அவர் கண்ட உண்மை. குழாயின் சுவர் சுடரின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ள, சுடர் அப்பாலுள்ள வாயுவைப் பற்றவைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அங்ஙனமாயின் கம்பிவலை என்பது யாது? நூற்றுக்கணக்கான மிகக் குறுகிய குழாய்கள் அடுத்தடுத்து அமைந்ததே அஃது. எம் கல்லூரி ஆய்வுகூடத்தில் பன்சன் சுடரடுப்பின்மேற் கம்பிவலையைப் பிடித்து, வலைக்கு மேலே மட்டும் வாயுவைக் கொளுத்திப் பார்த்த மாணவர் அனைவரும் இவ்வுண்மையைக் கண்ணாற் கண்டவராவர். சுடரைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு அமைத்தலே டேவியின் காப்பு விளக்கு. அது 1815 நவம்பரில் வேத்தியற் கழகத்தாருக்கு அறிவிக்கப்பட்டு, 1816 யனவரியில் எபேண் சுரங்கத்திற் பரிசோதிக்கப்பட்டது. அவர் அதற்குக் காப்புரிமை பெற மறுத்துவிட்டார். அதே ஆண்டில் கில்லிங்வேத்துச் சுரங்கத்தில் இயந்திரங்களைப் பேணிய யோட்சு தீவன்சன் என்பாரும் தாமாகவே ஒரு விளக்கை ஆக்கினர். பின்னர்ப் புகையிரத வண்டியாற் புகழ்பெற்றவர் அவரே. பள்ளிக் கல்வி நிரம்பாத ஒருவர் இதனைக் கண்டிருக்க முடியாதென்று டேவி கருதியமையும், இருதிறத்தாரும் நெடுங்காலம் பூசலிட்டமையும் அப்பேரறிஞரின் புகழுக்கு அணிசெய்வன அல்ல.

அவ்விளக்கு மற்றொரு நன்மையும் பயந்தது. காற்றில் மெதேன் கலந்திருப்பின், தாழ்த்திய சுடரின்மேல் வெளிறிய நீலத் தொப்பியொன்று தோன்றும். அத்தொப்பியின் உயரத்தை நோக்கி வாயுவின் அளவைத் தேர்ந்தோர் மதிப்பிட்டனர். ஒட்சிசன் குறையின் சுடர் மங்கும். ஆகவே விளக்கு, ஒளிதரு கருவியாதலோடு அளவைக் கருவியும் ஆயிற்று.

இனி வெடிப்புக்கள் ஒழிந்தன என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு நிகழவில்லை. விளக்கு வந்தபின் அப்பகுதியிலே மரணங்கள் குறையாமையை 1835 இற் கூடிய பாராளுமன்றக் குழு குறிப்பிட்டது. காரணம் எளிது. முன்னர் வாயு மிகுதியால் எவரும் புகத் துணியாத கரிப்படைகளில், காப்பு விளக்கு உளதென்னும் துணிவினால் உடைமையாளர் ஆட்களை இறக்கினர். காற்றோட்டத்தைப் பெருக்குவதற்கு வேண்டிய செலவை விளக்கின்மேற் சுமத்தினர். வலை துருப்பிடித்து ஓட்டைபட்டவிடத்தும், காற்று விரைந்து வீசியவிடத்தும் சுடர் வெளியே பாய்ந்தது. ஒளியும் மிக மங்கல். ஆபத்தைக் குறைக்கும் கருவி, ஆபத்தை நாடிச் செல்லும் உரிமையாக மாறுதல் இவ்வரலாற்றிலே மீண்டும் மீண்டும் காணப்படுவது.

1844 இல் ஆசுவெல் சுரங்கத்தில் 95 பேர் இறந்தனர். அரசாங்கத்தார் மைக்கேல் பரடேயையும் புவிச்சரிதவியல் அறிஞர் சாள்சு லயலையும் அங்கு அனுப்பினர். வெடிமருந்துப் பொடியைத் திரிச்சுடரில் இட்டு, அதன் புகை செல்லும் வேகத்தாற் காற்றோட்டத்தை அளந்து காட்டினார் ஓர் அலுவலர். அம்மருந்தை எங்கே வைத்திருக்கின்றீர் எனப் பரடே வினவ, அவர் அமர்ந்திருந்த மூட்டையே அது என விடை வந்ததாம். இக்கதை நிற்க. அவ்வறிஞர் இருவரும் எழுதிய அறிக்கையில் அரியதொரு குறிப்பு இருந்தது. வெடித்தது மெதேன் மட்டுமன்று, சுரங்கத்திற் படிந்திருந்த நிலக்கரித் தூசும் அதனோடு சேர்ந்து எரிந்தது என்பதே அது. அக்குறிப்பை அன்று எவரும் பொருட்படுத்திலர்.

1870 களில் வில்லியம் கலோவே என்னும் சுரங்கப் பரிசோதகர் இவ்வுண்மையை மீண்டும் ஆராய்ந்து, வேத்தியற் கழகத்துக்குக் கட்டுரைகள் விடுத்தார். மேலதிகாரிகள் அதனை விரும்பவில்லை. அவர் பதவியை விட்டு நீங்கினார். மறுபுறத்தில், பிரான்சில் மலார் என்பாரும் லெ சத்தலியே என்பாரும், மெதேன் இல்லாதவிடத்துத் தூசினால் மட்டும் பேராபத்து விளையாதென 1882 இல் முடிவு கூறினர். இரசாயனச் சமநிலை பற்றிய தத்துவத்தால் இன்றுவரை மாணவர் மனனஞ் செய்யும் அதே லெ சத்தலியேதான் இவர். இத்தகைய பெரியார் கூறிய பின் ஐயுறுவார் யார்?

விடை 1906 மார்ச்சு 10 ஆந் திகதி வந்தது. வட பிரான்சிலுள்ள கூரியேர் சுரங்கத்திலே, பெரும்பாலும் மெதேன் இல்லாததெனக் கருதப்பட்ட இடத்திலே எழுந்த வெடிப்பு, ஒன்றோடொன்று தொடர்ந்த குழிகளினூடே கிலோமீற்றர்க் கணக்காகப் பரந்து 1,099 பேரை அழித்தது. இருபது நாட்களின்பின் பதின்மூவர் இருளிலிருந்து தாமே வழிகண்டு வெளியே வந்தனர். தேடுதல் முன்னரே கைவிடப்பட்டதனால் மக்கள் கொண்ட சினம் பெருவேலைநிறுத்தமாக வெடித்தது. இன்றுவரை ஐரோப்பாவின் சுரங்க விபத்துக்களுள் இதனின் மிக்கது பிறிதொன்றில்லை.

தூசு எவ்வாறு வெடிக்கும் என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். குவித்த நிலக்கரி மெல்லவே எரியும். அதனை மாவாக்கிக் காற்றிற் பரப்பினால், ஒவ்வொரு துகளையும் ஒட்சிசன் சூழ்ந்துகொள்ள, கணத்தில் எரியும். சிறிய மெதேன் வெடிப்பு ஒன்று நிகழின், அதனால் எழுங் காற்றலை சுடருக்கு முன்னே ஓடி, தரையிலும் சுவரிலும் படிந்த தூசைக் கிளப்பிவிடும். பின்தொடருஞ் சுடர் அதனை உண்டு மேலும் பெருங் காற்றலையை எழுப்பும். இங்ஙனம் வெடிப்புத் தனக்கு வேண்டிய உணவைத் தானே தேடிக்கொண்டு செல்கிறது. ஒரு தாளின் கனம் படிந்த தூசே அதற்குப் போதியது.

இதனைத் தடுக்கும் வழி யோக்சயரிலுள்ள ஆல்ரொவ்சு சுரங்கத்தில் முன்னரே கண்ணிற் பட்டிருந்தது. 1886 இல் அங்கே 22 பேரைக் கொன்ற வெடிப்பு, கற்றூசு படிந்த பாதையை அடைந்ததும் அவிந்துபோனதை அதன் முகாமையாளர் வில்லியம் காவோத்து கண்டார். கற்றூசு எரியாது, அது வெப்பத்தைக் கவர்ந்து சுடரைத் தணிக்கும். 1908 இல் அவர் பழைய கொதிகலன்களின் கூடுகளை ஒன்றோடொன்று இணைத்து நீண்ட குழாயாக்கி, அதனுள் நிலக்கரித் தூசைத் தூவி வெடிக்கச்செய்தும், கற்றூசு இட்டு அதனை நிறுத்தியும் யாவரும் காணக் காட்டினார். பிரான்சில் லீவன் என்னுமிடத்திலும் பரிசோதனை நிலையம் எழுந்தது. அமெரிக்காவில் 1907 திசெம்பரிலே மொனோங்கா சுரங்கத்தில் 362 பேர் மாண்டதன்பின், 1910 இற் சுரங்கப் பணியகம் நிறுவப்பட்டது; பிற்சுபேக்கு நகரையடுத்த புறூசிற்றனில் ஒரு சுரங்கத்தையே ஆய்வுகூடமாக்கி, 1911 முதல் அதனை வேண்டுமென்றே வெடிக்கவைத்துக் கற்றனர். கோடிக்கணக்கான பணத்தை மண்ணுக்குள்ளே வெடித்துத் தீர்ப்பது வீண்செலவென அக்காலத்துச் சிலர் முணுமுணுத்திருத்தல் கூடும். கூரியேரின் கைம்பெண்டிர் அங்ஙனம் எண்ணியிரார்.

வேல்சு நாட்டின் செங்கெனித்துச் சுரங்கத்தில் 1913 ஒற்றோபர் 14 ஆந் திகதி 439 தொழிலாளர் மாண்டதனையும் இங்கு கூறாது விடலாகாது. தீப்பற்றியவிடத்துக் காற்றின் திசையை மாற்றத்தக்க விசிறி அமைத்தல் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை. அங்கே அஃது அமைக்கப்படவில்லை. விசாரணையின் முடிவில் முகாமையாளருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 24 பவுண். ஓருயிருக்கு ஏறத்தாழ ஒரு சிலினும் ஒரு பென்சும் என்று அக்காலத்தவர் வகுத்துக் கணக்கிட்டனர்.

இனிப் பின்னாவியைப் பற்றிச் சொல்வோம். வெடிப்பில் இறந்தோர் தீயினாலும் அதிர்ச்சியினாலும் இறந்தனர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1896 யனவரியில் வேல்சின் ரைலசுரவுண் சுரங்கத்தில் 57 பேர் இறந்தபோது, யோன் சுகொட் ஓல்டேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் உடல்களைத் தாமே சென்று பரிசோதித்தார். பெரும்பாலோரின் தோலும் குருதியும் செந்நிறமுற்றிருந்தன. அது காபனோரொட்சைட்டின் அடையாளம். குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இவ்வாயுவைப் பிணித்துக்கொள்ளும். பின் ஒட்சிசனைச் சுமக்க அதற்கு இடமிராது. ஆகவே அத்தொழிலாளர் வெடிப்பிற்குத் தப்பியவர்கள். காற்று நஞ்சாகியதனாலேயே மாண்டவர்கள். மூச்சுக்கு வழி செய்திருப்பின் அவருட் பலர் பிழைத்திருப்பர் என்பதே அவ்வாராய்ச்சியின் கருத்து.

ஓல்டேன் இவ்வாயுவை அளந்தளந்து தாமே சுவாசித்து, தம் குருதியை இடையிடையே எடுத்துப் பார்த்து, எவ்வளவில் தலைசுற்றும், எவ்வளவிற் கால் தளரும், எவ்வளவில் அறிவு மயங்கும் என எழுதிவைத்தவர். சிற்றுயிர்கள் விரைந்து சுவாசிப்பதனால் மனிதருக்கு முன்னரே மயங்கும் என்பதை அறிந்து, மீட்பாளர் எலியையோ சிறு பறவையையோ உடன்கொண்டு செல்லுமாறு கூறினார். கனாரிக் குருவி இவ்வாறே சுரங்கம் புகுந்தது. எலியினும் அது சிறந்தது. மயங்கியபோது கொம்பிலிருந்து விழுவதனால் எவர்க்கும் தெற்றெனப் புலப்படும். கூண்டின்மேல் ஒட்சிசன் உருளை பொருத்தி, மயங்கிய குருவியை மீட்கும் அமைப்பும் இருந்தது. தொழிலாளர் அக்குருவிகளோடு பேசியும் சீழ்க்கையடித்தும் அன்பு பாராட்டினர் என்பர். பிரித்தானியாவில் இவ்வழக்கம் 1986 வரை நீடித்தது. அவ்வாண்டின் இறுதியில் அரசாங்கம் மின்னணுக் கருவிகளை இடுவித்து, எஞ்சியிருந்த இருநூறுக்கு மேற்பட்ட குருவிகளுக்கு ஓய்வளித்தது.

இத்துணை நன்மை செய்த ஓல்டேன் அவர்களே மற்றொரு தீங்கு நெடுங்காலம் அறியப்படாதிருத்தற்கும் ஒருவகையிற் காரணரானார். கற்பாறையிலுள்ள சிலிக்காத் தூசு சுவாசப்பையைக் கெடுக்கும் என்பதனை அவர் ஏற்றார். தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களில் இளைஞர் கூட்டங் கூட்டமாக மாண்டமை அதனை ஐயமற நிறுவியிருந்தது. தமிழர் பெருந்தொகையினராக உழைத்த கோலார் பொற்சுரங்கத்திலே 1940 களிற் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் சிலிக்காத் தூசுநோய் உற்றிருந்தனர். மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழ்ந்து சென்ற அச்சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. ஆனால் நிலக்கரித் தூசு தனியே பெருந் தீங்கற்றது என்பதே ஓல்டேனின் துணிபு. அவர் பெயருக்கிருந்த மதிப்பினால் அத்துணிபு சட்டமாகவும் மாறிற்று. மூச்சு முட்டிய நிலக்கரித் தொழிலாளன் நட்டஈடு பெறவேண்டுமாயின், தான் சிலிக்காப் பாறையைத் துளைத்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். கரி மட்டும் வெட்டியவனுக்கு ஒன்றுமில்லை.

இக்கட்டை அவிழ்த்த சான்று சுரங்கத்திலன்று, துறைமுகத்திலே கிடைத்தது. காடிவ் துறையிலே கப்பலின் வயிற்றில் நிலக்கரியைப் பரப்பி மட்டஞ்செய்யும் தொழிலாளர் இருந்தனர். அவர்கள் வாழ்நாளிற் பாறையைத் துளைத்தவரல்லர். கையாண்டது கரி ஒன்றே. அவர்களின் சுவாசப்பைகளை ஆராய்ந்த யெத்துரோ கவ் என்னும் நோயியலறிஞர், சுரங்கத்தாருக்குற்ற அதே நோயை அவற்றிற் கண்டு 1940 இல் வெளியிட்டார். காரணங்கள் இரண்டு கலந்து நிற்குமிடத்து, ஒன்றே உள்ள இடத்தைத் தேடிக் காண்டல் தருக்க நூலார் கூறும் முறை. அதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை யாம் அறியோம். எமது கொழும்புத் துறைமுகமும் ஒருகாலத்திற் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் பெருநிலையமாயிருந்தது. அங்கே கூடை சுமந்தோரின் மார்பினுள் நோக்கியவர் எவருமிலர்.

பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையார் வேல்சிலே நிகழ்த்திய ஆய்வுகளின் பயனாக, நிலக்கரித் தொழிலாளரின் தூசுநோய் என்னும் பெயர் 1942 இல் வழக்குக்கு வந்தது. அடுத்த ஆண்டு நட்டஈடும் உரித்தாயிற்று. 1945 இல் லண்டொக்கு வைத்தியசாலையில் இதற்கெனவே ஓர் ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. அங்கே 1948 இற் சேர்ந்த ஆச்சி கொக்கிறேன் என்பாரை எம் பழைய மாணவராகிய மருத்துவர் அனைவரும் பெயரளவிலேனும் அறிவர். தம்மிடம் வந்த நோயாளரை மட்டும் பார்த்து உண்மை காணலாகாது, ஊர் முழுவதையும் பார்த்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. உறொண்டா பாச்சு என்னும் பள்ளத்தாக்கிலே வீடுவீடாகச் சென்று, வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரை எக்சுக்கதிர்ப் படம் எடுப்பித்தார். சயரோகத்தை அங்கிருந்து அகற்றினால் தூசுநோயின் முற்றிய நிலையும் அகலுமா என்பதே அவர் தேர்ந்த வினா, அகலவில்லை. எதிர்பார்த்தது பொய்த்ததெனினும் அவர் அதனை மறையாது வெளியிட்டார். தேசிய நிலக்கரிச் சபையார் 1950 களில் 25 சுரங்கங்களிலே தொடங்கிய மற்றோராய்வு, ஒவ்வொரு தொழிலாளனும் ஆண்டுதோறும் எத்துணைத் தூசை உள்ளிழுத்தான் என அளந்து, அதனை அவன் எக்சுக்கதிர்ப் படத்தோடு பல்லாண்டு ஒப்புநோக்கிற்று. கண்ணுக்குப் புலப்படும் பருந்தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மிக நுண்ணிய தூசே ஆழச்செல்லும். அந்நுண்டூசின் நிறையே நோயை நிருணயிக்கும் என்பது அதன் முடிவு. காணும் புழுதிக்கு அஞ்சிக் காணாப் புழுதியை மறப்பது எங்கும் உள்ள பழக்கமே.

எமது நாட்டிற்கும் இதில் ஒரு பங்குண்டு. போகல, ககட்டகக ஆகிய இடங்களிலுள்ள பென்சிற்கரிச் சுரங்கங்கள் ஆழ்ந்தவை. அவற்றிலிருந்து வெளிப்படும் பென்சிற்கரி தூய்மையால் உலகப் புகழ்பெற்றது. பென்சிற்கரியும் காபனே. அதன் தூசினாலும் சுவாசப்பை கெடுமோ என்பதை ரணசிங்க, உறகொட என்னும் இலங்கை மருத்துவர் இருவர் ஆராய்ந்து 1972 இற் பிரித்தானிய மருத்துவ வெளியீடொன்றில் எழுதினர். அவர்கள் பரிசோதித்த தொழிலாளருள் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எக்சுக்கதிர்ப் படங்கள் மாறுபட்டிருந்தன. பென்சிலைக் கூராக்கும் சிறுவர்க்கு இச்செய்தி பாடநூலில் இல்லை.

அமெரிக்காவில் 1968 நவம்பரிலே பாமிங்டன் சுரங்கத்தில் 78 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு மேற்கு வெர்சீனியாவின் தொழிலாளர் பல்லாயிரவர், கூலிக்காக அன்றித் தம் சுவாசப்பைக்காக வேலைநிறுத்தஞ் செய்தனர். அதன் விளைவாக 1969 திசெம்பரில் வந்த சட்டம், வேல்சு ஆய்வுகளின் முடிவைத் தழுவி, கனமீற்றர்க் காற்றிலே நுண்டூசு இரண்டு மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென விதித்தது. நோய் இருபதாண்டுக்கு மேலாகக் குறைந்துகொண்டே வந்தது. இனி இது பழங்கதையென அறிஞரும் கருதத் தொடங்கினர்.

அக்கருத்து நிலைக்கவில்லை. 2013 தொடக்கம் 2017 வரை, வெர்சீனியாவின் தென்மேற்கிலுள்ள மூன்று மருத்துவ நிலையங்களில் மட்டும், நோயின் முற்றிய நிலையினர் 416 பேர் காணப்பட்டனர் என்னும் செய்தி 2018 இல் வெளிவந்தது. மத்திய அப்பலாச்சிய மலைப்பகுதியிலே இருபத்தைந்தாண்டு உழைத்தோருள் ஐவரில் ஒருவர் நோயுற்றிருந்தனர். தடித்த கரிப்படைகள் வெட்டித் தீர்ந்தமையால், மெல்லிய படைகளை வலிய இயந்திரங்கொண்டு மேலும் கீழுமுள்ள பாறையோடு சேர்த்து அறுக்கின்றனர்; கரித்தூசோடு சிலிக்காவும் மூச்சிற் புகுகிறது. ஓல்டேன் காலத்தில் வேறுவேறாக வைத்து எண்ணப்பட்ட இரு தீங்குகளும் இன்று ஒரே மூச்சில் நுழைகின்றன.

இயந்திரத்தால் விளைந்த மாறுதல் வெடிப்பிலும் தோன்றிற்று. கற்றூசு எத்துணை வேண்டும் என்னும் விதி 1920 களின் தூசை அளந்து வகுக்கப்பட்டது. புதிய இயந்திரங்கள் அரைக்கும் தூசு அதனினும் நுண்ணியது, எளிதில் எரிவது. ஆகவே எரியாப் பொருள் நூற்றுக்கு அறுபத்தைந்து போதாது, எண்பது வேண்டும் என்று புறூசிற்றன் ஆய்வாளர் எழுதியிருந்தனர். 2010 ஏப்பிரில் 5 ஆந் திகதி மேற்கு வெர்சீனியாவின் அப்பர் பிக் பிராஞ்சுச் சுரங்கத்திலே சிறியதொரு மெதேன் தீ, தூசைப் பற்றி 29 பேரைக் கொன்றது. கற்றூசு செவ்வனே இடப்படவில்லை என்பதும், ஆபத்துக்களைக் குறிக்க இருவகைப் பதிவேடுகள் வைக்கப்பட்டிருந்தன என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. எண்பது என்னும் விதி அதே ஆண்டு செப்டெம்பரில் வந்தது.

இன்று அமெரிக்க நிலக்கரித் தொழிலாளன் இடையிலே கட்டிச்செல்லும் சிறு கருவியொன்று, அவன் உள்ளிழுக்கும் நுண்டூசை வேலைநேரம் முழுவதும் நிறுத்து அவனுக்கே காட்டுகிறது. 2016 முதல் அது சில வேலைகளுக்குக் கட்டாயம்; தூசின் எல்லையும் அவ்வாண்டில் ஒன்றரை மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அக்கருவி சிலிக்காவைப் பிரித்தறியாது. சிலிக்காவின் எல்லையைக் கனமீற்றருக்கு ஐம்பது மைக்கிரோகிராம் எனப் பாதியாகக் குறைக்கும் விதி 2024 ஏப்பிரிலில் வெளியிடப்பட்டது. சுரங்கத்தொழில் அமைப்புக்கள் வழக்குத் தொடுத்தமையால் அதன் அமலாக்கம் 2025 இல் ஒத்திவைக்கப்பட்டது. அந்நாட்டு ஆராய்ச்சி நிறுவகத்தின் எக்சுக்கதிர் ஊர்தி மலையூர்களுக்குச் சென்று கட்டணமின்றிப் படம் எடுப்பதுண்டு. முடிவு தொழிலாளனுக்கு மட்டுமே மறைவாக அறிவிக்கப்படும். அங்ஙனமிருந்தும், செய்தி முகாமையாளர் செவிக்கு எட்டுமோ, வேலை போய்விடுமோ என அஞ்சி, ஊர்தி தெருவோரத்தில் நிற்கக் கண்டும் காணாதார்போற் கடந்து செல்வோர் பலர்.